பெயர் தெரியாதவள்

கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள் அனைத்தையும் குறிப்பிடுக. அமெரிக்க விசா விண்ணப்பத்தில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு முந்தைய பக்கங்களை ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். அப்பா பெயர் கோதண்டராமன். அம்மா பெயர் ஆனந்தவல்லி. திருமண நிலை என்ற இடத்தில் 'மனைவியை இழந்தவர்' என்று ஒரு தெரிவு இருந்தது. அதை அழுத்த ஒரு நொடிதான் ஆனது. இந்தக் கேள்வியில் மூன்று வாரம் நின்றேன்.

நான் போக வேண்டியது ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்துக்கு. அங்கே என் மகள் ஸ்ருதி இருக்கிறாள். ஐந்து வயது. போய் அவளை நான் இருக்கும் ஆக்லாந்துக்குக் கூட்டிவர வேண்டும். அமெரிக்காவில் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

என் மனைவி சிந்து போன ஆகஸ்ட்டில் இறந்தாள். காலை எட்டேகாலுக்கு இங்கே ஏவன்டேல் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தவள், தலை வலிக்கிறது என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு. முப்பத்தொரு வயது. நான் போனபோது அவளுடைய கைப்பையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே ரயில் அட்டையும் பாதி தின்ற ஆப்பிளும் இருந்தன.

அவளுடைய அக்கா வைஷாலி கொலம்பஸிலிருந்து வந்து இரண்டு வாரம் இருந்தார். சிந்து கூப்பிட்டபடியே நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் சமைக்கவில்லை. பேசவில்லை. ஸ்ருதி மூன்று நாளாக ஒரே சட்டையில் இருந்தாள். மூன்று மாதம் இவளை நான் வைத்துக்கொள்கிறேன், அதற்குள் நீங்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் அக்கா. ஸ்ருதி அமெரிக்காவில் பிறந்தவள். அவளுக்கு விசா வேண்டாம். அவளுடைய நீல பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று மாதம் பதினோரு மாதம் ஆனது. முதல் ஆறு மாதம் என் தவறு. நான் கேட்கவே இல்லை. பிறகு கேட்டபோது வழி அடைபட்டிருந்தது. அக்காவின் வேலை விசா நீட்டிப்பில் கிடந்தது. வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை, போகாதே என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார். அக்காவின் கணவர் ராகேஷுக்கும் அதே கதை. ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு விமானம் மாற்றித் தனியாக அனுப்ப முடியாது. துணைக்கு ஆள் தேடினேன். ஆக்லாந்திலிருந்து கொலம்பஸ் போய்வருகிறவர் எவரும் கிடைக்கவில்லை. நான் போவது ஒன்றுதான் மிச்சம்.

அதற்கும் ஒரு கெடு இருந்தது. ஆகஸ்ட் இருபதாம் தேதி அங்கே பள்ளி திறக்கிறது. பெற்றோர் உடன் இல்லாத பிள்ளையைச் சேர்க்கப் பாதுகாவலர் பத்திரம் கேட்கிறார்கள். அதற்குள் நான் போய்க் கூட்டிவர வேண்டும். இல்லையென்றால் வைஷாலியைப் பாதுகாவலராக ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பத்திரத்தில் ஓராண்டுக்கு என்று எழுதியிருந்தது. மூன்று மாதத்துக்கு என்று சொல்லித்தான் ஸ்ருதி முதலிலும் போனாள்.

இங்கே குழந்தைகள் ஐந்தாவது பிறந்தநாளன்று பள்ளியில் சேர்வார்கள். சிந்து எப்போதோ பதிந்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. மே மாதம் தெருக்கோடிப் பள்ளியிலிருந்து வரவேற்புக் கடிதம் வந்தது. சாப்பாட்டு டப்பாவின் மூடியிலும் அடியிலும் பெயர் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

என்னிடம் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று வேலை தேடத் திறந்தது. அதில் என் படம் ஒன்றும் ஆறு வருடப் பழைய பயோடேட்டாவும் இருக்கின்றன. மற்றது ஒரு பக்கம். அதன் பெயர் 'பெயர் தெரியாதவள்'. திறந்தது என் மின்னஞ்சலில். எழுதியது சிந்து.

அவள் திருநெல்வேலியில் சட்டம் படித்தவள். வக்கீலாகப் பதிந்த ஆறாவது மாதம் என்னைக் கல்யாணம் செய்துகொண்டு ஓஹையோ வந்தாள். அவளுடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. நம் ஊரில் எல்லோருக்கும் இருப்பது இனிஷியல்தானே. அமெரிக்க விசாவில் சிந்து என்பதைக் குடும்பப் பெயர் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்திருந்தார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் அதுவே ஏறியது. பல் மருத்துவரிடம் போனோம். வரவேற்பறைப் பெண் வெளியே வந்து, அந்த மூன்று எழுத்தையும் ஒரே பெயராகச் சேர்த்துப் படித்து, "ஃபனூ? ஃபனூ?" என்று கூப்பிட்டாள். யார் அந்தப் பாவம் என்று சிந்து திரும்பிப் பார்த்தாள்.

பிறகு பழகிவிட்டது. வீட்டில் சண்டை வந்தால் நானும் ஃபனூ என்பேன். "உன் அப்பா பேரை அவங்களை ஒரு தடவை சொல்லச் சொல்லு, அப்புறம் என்னைக் கிண்டல் பண்ணு" என்பாள்.

அவளுடைய விசா என் விசாவோடு ஒட்டியது. வேலை பார்க்கக் கூடாது. படிக்கலாம். பொது நூலகத்திலிருந்து அமெரிக்க அரசியல் சட்டம் பற்றிய தடித்தடியான புத்தகங்களைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் அடுக்கினாள். படித்ததைத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். எனக்கு ஏதும் வம்பு வந்துவிடக் கூடாது என்று சொந்தப் பெயரைப் போடவில்லை. அரசாங்கமே கொடுத்த பெயர் இருக்கிறது என்று அதையே தமிழாக்கி வைத்துக்கொண்டாள். நான் ரகர றகரம் திருத்திக் கொடுப்பேன். அவள் கை மாவில் இருக்கும்போது பதிவேற்றுவதும் நான்தான். ஆகையால் நான் பயன்படுத்திய கணக்கு அது. இல்லை என்று சொல்ல முடியாது.

முதல் பதிவிலேயே சண்டை வந்தது. அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் எந்த 'பெர்சனுக்கும்' சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிறது. குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? நான் 'நபர்' என்றேன். நபர் போலீஸ் வார்த்தை, 'மர்ம நபர்', 'அடையாளம் தெரியாத நபர்' என்று எஃப்.ஐ.ஆரில் மட்டும் வருவது என்றாள். 'மனிதர்' என்றேன். அது மேடை வார்த்தையாம். கடைசியில் 'ஆள்' என்று எழுதினாள். வீட்டில் ஆள் இருக்கிறதா, ஆள் வந்தாச்சா என்று நாம் கேட்கிற ஆள். பேர் ஊர் சாதி எதுவும் தெரியாமலே ஒருவரைக் குறிக்கத் தமிழில் அது ஒன்றுதான் உண்டு என்றாள். 'எந்த ஆளுக்கும்' என்றே எல்லாப் பதிவிலும் வந்தது. எனக்கு அது கொச்சையாகப் பட்டது. திருத்தவில்லை.

2023 தொடக்கத்தில் எனக்கு அங்கே வேலை போனது. அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும். ஆக்லாந்தில் கிடைத்தது. வந்தோம். அவள் இங்கே ஒரு வக்கீல் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைக்குப் போனாள். பக்கத்தை விடவில்லை. மொத்தம் அறுபத்து நான்கு பதிவுகள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் படித்தார்கள். கடைசிப் பதிவு நான் போட்டது. இந்தப் பக்கத்தை எழுதிவந்தவர் காலமானார் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ரோஸ்கில்லில் குணரத்தினம் வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு விசா ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. காசு வாங்க மாட்டார், ஆனால் பேசுவதைக் கேட்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் போனில் பக்கத்தைப் படித்தார். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

"கெட்டிக்காரி" என்றார். "வடிவா எழுதியிருக்கிறா. அழிச்சுப்போடும்."

அழித்தாலும் ஐந்து ஆண்டில் பயன்படுத்தியதைக் கேட்கிறார்களே, எல்லாம் உண்மை என்று உறுதி கொடுத்துத்தானே அனுப்ப வேண்டும் என்றேன். பொய் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் தடை என்று கீழே எழுதியிருந்ததையும் காட்டினேன்.

"தம்பி, அழிச்ச பிறகு அது இல்லைத்தானே. இல்லாததை எப்பிடி எழுதுறது?"

"இருந்துச்சே, அங்கிள்."

"இருந்தது. எங்கடை வீடும்தான் இருந்தது."

உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி இராசமலர், ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று சோதனைச்சாவடிக்குப் பயந்து வீட்டிலிருந்த எழுத்து முழுவதையும் கிணற்றில் போட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். கடிதம், கலியாணப் பத்திரிகை, இவருடைய டயரி.

"டயரியிலை என்ன இருந்தது எண்டு கேளுமன்" என்றார் குணரத்தினம். "கிரிக்கெட் ஸ்கோர். ஆனா தமிழிலை எழுதியிருந்தன்."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது, முழுவதையும் அழிக்க மனமில்லையென்றால் சிக்கலானதை மட்டும் எடுத்துவிடு என்றார். அது நியாயமாகப் பட்டது. மறுநாள் வேலை முடிந்து வந்து ஒரு வெள்ளைத்தாளில் நடுவே கோடு போட்டேன். ஒரு பக்கம் 'ஆபத்து'. மறுபக்கம் 'ஆபத்தில்லை'. சிந்து இறந்த பிறகு அவள் எழுதியதை அன்றுதான் படித்தேன்.

கல்லூரி வளாகத்தில் கூடாரம் போட்ட மாணவர்களைக் கைது செய்தது பற்றி ஒன்று. ஆபத்து. பெயர் சொல்லாமல் எழுதும் உரிமை பற்றி ஒன்று. தெரியவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை வைத்திருந்த ஒரு சீனர் பற்றி ஒன்று. 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று நகரத்தில் விதி. வெள்ளைக்காரர்கள் கேட்டால் கிடைத்தது, சீனர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் குடிமகன் அல்ல, ஆகவும் முடியாது. ஆனாலும் அவர் ஓர் ஆள், சட்டத்தின் சமமான பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கடையின் பெயரையே அவர் பெயர் என்று நினைத்து வழக்கில் எழுதிவிட்டார்கள் என்பதுதான் சிந்துவுக்கு ரொம்பப் பிடித்த இடம். 'பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டார்கள். உரிமையைச் சரியாகக் கொடுத்தார்கள்' என்று முடித்திருந்தாள்.

நூற்று முப்பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய சலவைக்கடை ஆபத்தா இல்லையா என்று அரைமணி நேரம் யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. இந்த ஜனவரியிலிருந்து அதே திருத்தத்தின் இன்னொரு வரியைப் பற்றி, அங்கே பிறந்த பிள்ளைகளெல்லாம் குடிமக்களா என்பதைப் பற்றி, கோர்ட்டுகளில் வழக்கு நடக்கிறது. ஸ்ருதிக்கு அது பொருந்தாது. அவள் முன்பே பிறந்துவிட்டாள். ஆனாலும் 'பதினான்காம் திருத்தம்' என்ற சொல்லே இப்போது ஆபத்துப் பக்கத்தில் வருமோ என்று நினைத்தேன். என்னை யாரும் அப்படி நினைக்கச் சொல்லவில்லை.

ஒரு பதிவை மட்டும் சந்தேகமில்லாமல் அழித்தேன், அதில் போலீஸ் வந்ததால். 2021 குளிர்காலத்தில் நடந்தது அது. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நெடுஞ்சாலையில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். டிக்கியைத் திறந்து பார்க்கலாமா என்றார். என் கை ஏற்கெனவே விசையில் இருந்தது. பக்கத்திலிருந்து சிந்து, நாங்கள் மறுக்கலாமா என்று கேட்டாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். மறுக்கலாம், மேடம் என்றார். அப்படியானால் மறுக்கிறோம் என்றாள். விளக்கை மாற்றச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டிக்கியில் இருந்தது ஸ்ருதியின் தள்ளுவண்டியும் ஒரு மூட்டை அரிசியும்.

வீடு வரைக்கும் கத்தினேன். "நம்ம விசால இருக்கோம், சிந்து. நாளைக்கே என்னைத் திருப்பி அனுப்பினா என்ன பண்ணுவ?"

"அனுப்பினா போவோம். ஒரு கேள்வி கேட்டுட்டுப் போவோம்."

அழித்ததும் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மறுத்தால் விட்டுவிட வேண்டும் எனப் பயிற்சி பெறும் போலீஸ்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவள் எழுதியிருந்தாளா, இல்லை வாயால் சொன்னதா என்று ஒரு சந்தேகம் வந்தது. பார்க்கப் போனேன். இல்லை. மேலே எழுதியது என் நினைவிலிருந்து எழுதியது. அவள் எழுதியது வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசியாக அவள் எழுதியது 2024 ஜூன் மாதப் பதிவு. அமெரிக்கக் குடிமகளான ஒரு பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு விசா மறுக்கப்பட்டது. அவள் நீதிமன்றத்துக்குப் போனாள். வெளிநாட்டுக் கணவனை நாட்டுக்குள் விடவேண்டும் என்று கேட்கும் அடிப்படை உரிமை உனக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைப் பற்றிச் சிந்து எழுதியிருந்தாள்: 'உள்ளே இருப்பவர் ஆள். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பவருக்கு என்ன பெயர்? இத்தனை புத்தகங்களில் தேடிவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை.'

கீழே யாரோ கேட்டிருந்தார், நீங்கள்தான் நியூசிலாந்து போய்விட்டீர்களே, உங்களுக்கென்ன கவலை என்று. அவள் பதில் போட்டிருந்தாள். என் மகள் அந்த நாட்டுக்காரி, நான் இல்லை, அவ்வளவுதான் கவலை.

அந்தப் பதில் நான் அறியாதது. நான் பதிவேற்றியது இல்லை. வேலைக்குப் போகும் ரயிலில் போட்டிருப்பாள்.

தாளை மடித்து வைத்துவிட்டேன். நேர்காணலுக்கு ஜூலை இருபத்து நான்காம் தேதி ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்தது செப்டம்பரில். அன்று மாலையே விண்ணப்பத்தை அனுப்பினால்தான் அது கிடைக்கும். கட்டத்தில் பக்கத்தின் பெயரைத் தட்டினேன். அனுப்பினேன். துணிச்சல் என்று இதைச் சொல்ல மாட்டேன். பொய் சொல்லவும் பயமாக இருந்தது, முழுவதையும் அழிக்கவும் முடியவில்லை. மிச்சமிருந்ததைச் செய்தேன்.

அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நேர்காணல் ஏழு நிமிஷம் நடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வயதுள்ள ஒருவர். எதற்குப் போகிறீர்கள், மகள் யாரிடம் இருக்கிறாள், எத்தனை நாளில் திரும்புவீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். வேலைக் கடிதத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கத்தை எழுதுவது யார் என்றார். என் மனைவி, இறந்துவிட்டாள் என்றேன். வருந்துகிறேன் என்றார். உண்மையாகவே சொன்ன மாதிரிதான் இருந்தது. பிறகு நீளமாக ஏதோ தட்டச்சு செய்தார். ஒரு தாளை எடுத்து, உங்கள் விண்ணப்பத்துக்கு மேலும் பரிசீலனை தேவைப்படுகிறது என்று சொல்லிக் கொடுத்தார். எத்தனை நாள் ஆகும் என்றேன். சொல்ல முடியாது என்றார்.

அந்தப் பக்கம்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. சிந்து கேட்டிருப்பாள்.

காரணம் அது என்று யாரும் சொல்லவில்லை. அது இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. ஊரில் என் பெயரிலேயே ஆயிரம் பேர் இருப்பார்கள், அதுவாகவும் இருக்கலாம். வேலை போய் நாட்டை விட்டு வந்தவன் என்பதாக இருக்கலாம். வழக்கமான நடைமுறையாகவும் இருக்கலாம். தினமும் காலையில் அவர்களுடைய இணையதளத்தில் என் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பரிசீலனையில் உள்ளது. பஸ்ஸில் பார்த்தேன், மதியச் சாப்பாட்டில் பார்த்தேன். பரிசீலனையில் உள்ளது. அறையில் அடைத்தால் கதவையாவது தட்டிப் பார்க்கலாம். இதில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஸ்ருதியிடம், அப்பா வரிசையில் நிற்கிறேன், என் முறை வந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். வீடியோவில் ஒவ்வொரு முறையும் அதையே கேட்டாள்.

"ஆர் யூ ஸ்டில் இன் லைன், அப்பா?"

"ஆமாடா."

"ஹவ் மெனி பீப்பிள்?"

முன்னால் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பத்து என்றேன். அடுத்த வாரம் அவளே ஒன்பதா என்றாள்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி அக்கா பேசினார். பள்ளியிலிருந்து இரண்டாவது முறை கேட்டுவிட்டார்களாம். எல்லாம் சரியாகத்தானே கொடுத்தீர்கள், எதில் நிற்கிறது என்றார். பக்கத்தைக் குறிப்பிட்டதைச் சொன்னேன். அங்கே பாத்திரம் வைக்கும் ஒலி கேட்டது.

"எதுக்குப் போட்டீங்க, வெற்றி?"

"கேட்டிருந்தாங்கக்கா."

"கேட்டா சொல்லிடுவீங்களா? நான் அவ எழுதினதுக்கு லைக் போட்டிருந்தேன்ல, அதையெல்லாம் ஜனவரியிலயே ஒண்ணொண்ணா எடுத்துட்டேன். கூடப் பொறந்தவ நான். உக்காந்து எடுத்தேன். அழுதுகிட்டேதான் எடுத்தேன். செத்தவ எழுதினது பெருசா, உயிரோட இருக்கறவ பெருசா?"

அவர் கேட்டது தப்பு இல்லை. மூன்று வாரம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், இவ்வளவு சுருக்கமாக இல்லை.

அக்கா குரலை இறக்கிக்கொண்டார். ஓராண்டுக்குத்தான், விசா வந்த அன்றே கிழித்துப் போட்டுவிடலாம், தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளை, பள்ளிக்குப் போகும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அதை வாங்கிக் கொடுக்க வேண்டுமானால் அவள் என் பொறுப்பில் இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும்.

பத்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். சாட்சிக்கு ஜே.பி. எனப்படும் சமாதான நீதிபதி ஒருவரின் கையெழுத்தும் முத்திரையும் போதும் என்று அங்கிருந்த வக்கீல் சொல்லியிருந்தார். இங்கே ஜே.பி.க்கள் ஊர்க்காரர்கள்தான். சம்பளம் வாங்காமல் நூலகத்தில் உட்கார்ந்து சான்றொப்பம் போடுவார்கள். பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில் ஏவன்டேல் நூலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். வாசலில் நின்று ஒரு முறை எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பரிசீலனையில் உள்ளது.

மேசையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா இருந்தார். சிவப்புக் கம்பளிச் சட்டை. முத்திரைப் பெட்டி, பேனா, ஒரு கிண்ணத்தில் மிட்டாய். என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் ஒப்பிட்டார். நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். அவசரமே படவில்லை. மூன்றாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். ஐந்து என்றேன். ம் என்றார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் போடச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து. பேனாவைக் கையில் கொடுக்கும் முன்னால், கேட்க வேண்டியதைக் கேட்டார். இதில் எழுதியிருப்பது உங்களுக்குப் புரிகிறதா? புரிகிறது. யாரும் வற்புறுத்தாமல், உங்கள் சொந்த விருப்பத்தில்தான் கையெழுத்துப் போடுகிறீர்களா?

வற்புறுத்தியவர் யார் என்று யோசித்தேன். அக்கா கெஞ்சித்தான் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் வருந்துகிறேன் என்றார். குணரத்தினம் வழி சொன்னார், நான் கேட்கவில்லை. கட்டத்தில் தட்டியது என் விரல். யாரும் இல்லை.

தலையை அசைத்தேன்.

தலையாட்டினால் போதாது, மன்னிக்க வேண்டும், வாயால் சொல்ல வேண்டும் என்றார் அந்த அம்மா. எனக்குப் பின்னால் நின்றவர் தன் தாள்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஆம், என் விருப்பத்தில்தான்" என்று சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. காதருகே கையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.